நெல் விற்ற பணத்தில் பங்கு வாங்க எந்தத் தரகர் மலிவு?

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். காலபோக நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியை வருடந்தோறும் கம்பனிப் பங்குகளில் போட்டு, பத்துப் பதினைந்து வருடம் தொடாமல் வைத்திருக்க விருப்பம். லண்டனில் இருக்கும் அண்ணா கமிஷன் இல்லாத செயலி ஒன்றில் பங்கு வாங்குகிறார். இங்கே கட்டணம் குறைந்த தரகர் யார்? அல்லது அண்ணாவின் பெயரிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: அண்ணா சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே தரகு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கட்டணத்தை இறக்கிவிட்டன. கொழும்பு பங்குச் சந்தையில் கணக்கு வேறு. பங்கு வாங்கும்போது அதன் பெறுமதியில் 1.12 வீதம் கட்ட வேண்டும். விற்கும்போதும் அதே அளவு.

நீங்கள் 50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு 560 ரூபாய். அதில் தரகருக்கு 320, அரசாங்கத்தின் பங்குக் கொடுக்கல்வாங்கல் வரி 150, பங்குச் சந்தைக்கு 42, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 36, பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் சீ.டி.எஸ். நிறுவனத்துக்கு 12. எந்தத் தரகரிடம் போனாலும் இந்தச் சிட்டை பெரும்பாலும் மாறாது. கணினியில் வாங்கி விற்கும் தளம்கூடப் பல தரகர்களிடம் ஒன்றுதான். அநேகர் ஏட்ரேட் என்பதையே தருகிறார்கள்.

அப்படியானால் செலவைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. வருடத்தில் நான்கு தடவை வாங்கி நான்கு தடவை விற்பவருக்கு ஏறத்தாழ 9 வீதம் கட்டணமாகவே போய்விடும். வாங்கிவிட்டுப் பேசாமல் இருப்பவருக்கு 1.12 வீதத்தோடு சரி. கட்டணம் வீதக் கணக்கில் இருப்பதால் சிறுகச் சிறுக வாங்கினாலும் நட்டமில்லை. ஆனாலும் குறைந்தபட்சக் கட்டணம், கணக்குப் பராமரிப்புக் கட்டணம் ஏதும் உண்டா என்று தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பங்குக்குரிய பணம் பிந்தினால் வட்டி ஏறும். பணத்தை முதலில் போட்டுவிட்டே வாங்குங்கள். கடனில் வாங்கித் தருகிறோம் என்று ஆசை காட்டுபவர் உங்களுக்கு ஏற்ற தரகர் அல்லர். தொலைபேசி எடுத்தால் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. விளங்காத படிவத்தில் கையொப்பம் வைக்கவே கூடாது.

சீ.டி.எஸ். கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும். பங்குகள் தரகரின் பெட்டிக்குள் போவதில்லை. நெடுங்காலம் வைத்திருப்பவர்களுக்கு அங்கே நல்ல வசதி ஒன்றும் உண்டு: பங்குகளைப் பூட்டி வைக்கும்படி கேட்கலாம். நீங்கள் விடுவிக்கும்வரை தரகரால் அவற்றை விற்க முடியாது. கணக்குத் திறக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பங்குச் சந்தையின் செயலியிலேயே தேசிய அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் கொண்டு திறக்கலாம். நேரில் கேட்க விரும்பினால் யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய கிளை இருக்கிறது.

அண்ணாவின் பெயரில் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். சட்டப்படி அந்தப் பங்கு அவருடையது, அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுடையது. கையில் உறுதி இல்லாத காணிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த சனம் நாங்கள். பங்கிலும் அந்த அலைச்சல் எதற்கு? இங்கிருந்து பணம் அனுப்புவதற்கும் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் உண்டு.

வாட்ஸ்அப் குழுவில் வந்து, தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொல்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற தரகர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சிறுபோகத்துக்கு விதைநெல், பசளை, உழவு இயந்திரக் கூலி என்று வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள். 2022 ஏப்ரலில் நெருக்கடியின்போது சந்தையையே ஐந்து நாள் மூடினார்கள். 2020 இல் கொரோனாவின்போது ஏழு வாரத்துக்கு மேல் மூடியிருந்தது. அந்த நாட்களில் எவ்வளவு அவசரம் என்றாலும் ஒரு பங்கைக்கூட விற்றிருக்க முடியாது.