தாழ்த்திய காரில் 17 அங்குல அலாய் வீல் போட்டால் டயர் உரசாமல் இருக்குமா?

40 மி.மீ. தாழ்த்திய ஹேட்ச்பேக்கில் 15 அங்குல ரிம்மை மாற்றி 17 அங்குல அலாய் வீல் போட விரும்புவதாகவும், பின்னால் ஆள் ஏறினால் டயர் உரசுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உரசாமல் பொருத்த முடியும். ஆனால் அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும்தான் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட்; அது குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்).

கம்பெனி டயர் 185/65 ஆர்15 என்றால் அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 622 மி.மீ.; 205/45 ஆர்17 டயருக்கு 616 மி.மீ. ஆகவே டயரின் உயரம் கூடுவதில்லை. ஆனால் 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் 38 ஆஃப்செட்டும் உள்ளதைப் பொருத்தினால், அதன் விளிம்பு ஏறத்தாழ 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஆள் ஏறியதும் டயர் பின் மட்கார்டின் உள்மடிப்பில் உரசும். அதே ரிம் 45 ஆஃப்செட்டில் கிடைத்தால் வெளியே 13 மி.மீ. மட்டுமே வரும், உள்பக்கமும் அதே அளவு நகர்வதால், முன்சக்கரத்தில் ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பர் உள்ள தண்டு) டயருக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடையில் சமதரையில் நிற்கும்போது பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, பம்ப் ஸ்டாப் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும்வரை ஜாக்கியால் சக்கரத்தை உயர்த்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்துக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பம்ப் ஸ்டாப்பை வெட்டாதவரை, காரைத் தாழ்த்தியதால் சக்கரம் மேலேறும் எல்லை மாறுவதில்லை. அந்த எல்லையை அது அடிக்கடி தொடுகிறது, அவ்வளவுதான். மதுரையில் நான் ஓட்டும் தாழ்த்திய காரில், முன் மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனரின் பின்மூலையில், கதவை ஒட்டிய பக்கத்தில், கை அகலத்துக்கு ஒரு பளபளப்பான தேய்தடம் விழுந்திருந்தது. நேராக ஓடும்போது சத்தமே இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்தபடி வேகத்தடையில் ஏறும்போது மட்டும் உரசியது. லைனரைச் சூடாக்கி உள்தள்ளியதில் அது நின்றுபோனது. பின் மட்கார்டின் உள்மடிப்பை மடக்க நேர்ந்தால், ஹீட் கன்னால் சூடாக்கிய பிறகே மடக்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் வெடித்து அங்கே துருப்பிடிக்கும்.

டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணான லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான்; 205/45 ஆர்17 அளவில் இரண்டும் கிடைக்கின்றன, ஆகவே 88 உள்ள எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) டயரையே கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், செலவழிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் விசாரித்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், 195/55 ஆர்16 போதும் என்பேன். விட்டம் ஏறத்தாழ அதே 621 மி.மீ.; 17 அங்குலத்தில் 92 மி.மீ. ஆகக் குறையும் டயரின் பக்கச்சுவர் இதில் 107 மி.மீ. இருப்பதால், பள்ளத்தில் இறங்கும்போது ரிம் அடிவாங்குவதும் குறையும்.