மகளின் வரலாற்றுப் பாடம் – கடிதம்

வணக்கம் சார்,

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறோம். மகள் எட்டாவது படிக்கிறாள். இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலங்களை அரசு பறித்ததைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, 'நம்ம வீடு இருக்கிறது யாரோட நிலம்?' என்று கேட்கிறாள். கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் நாங்கள், யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. வட்டார வரலாற்று ப்ராஜெக்டுக்கு இந்த வட்டாரத்து மாவோரி இனக்குழுவிடம் கேட்டுவிட்டு எழுதச் சொல்கிறாராம் ஆசிரியை. எல்லாம்தான் புத்தகத்தில் இருக்கிறதே? தமிழுக்கே சனிக்கிழமை இரண்டு மணி நேரம்தான், இதில் மாவோரி மொழி வேறு.

ஒரு வாசகி

வணக்கம்.

நீங்கள் பிடுங்கவில்லைதான், மகளும் அப்படிச் சொல்லவில்லையே. கேட்டிருப்பது நல்ல கேள்வி. உங்கள் ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இஹுமாத்தாவோ இருக்கிறது, 1863இல் பறிமுதலான நிலம். அங்கே வீடு கட்டப்போகிறார்கள் என்றதும் 2019இல் ஆயிரக்கணக்கானோர் போய் உட்கார்ந்தார்கள், கடைசியில் 2020 டிசம்பரில் அரசே கிட்டத்தட்ட 3 கோடி டாலர் கொடுத்து அதை வாங்க வேண்டியதாயிற்று. 150 வருஷப் பழைய விவகாரத்துக்கு ஏன் இவ்வளவு ரகளை என்று புரிய அந்தப் பாடம் வேண்டும்.

அதுவும் அரசு மனமிரங்கி வைத்த பாடமில்லை. ஓட்டோரோஹாங்கா என்ற சின்ன ஊரின் பள்ளிப் பிள்ளைகள் 2014இல், அதிகத் தூரமில்லாத ரங்கியாஓஃபியாவுக்குப் போனார்கள். 1864 பிப்ரவரியில் விடியற்காலையில் பிரிட்டிஷ் படை புகுந்த மாவோரி கிராமம் அது. வீடு தீப்பற்றி எரிய, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த கிழவரையும் சுட்டார்கள். பெரியவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கு, இவ்வளவு பக்கத்தில் நடந்ததை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று ஆத்திரம். இரண்டு மாணவிகள் முன்னால் நின்று, பத்தாயிரத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, 2015இல் நாடாளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். 2023இல் அந்நாட்டு வரலாறு பள்ளிகளில் கட்டாயமாயிற்று.

அனுமதி விஷயத்தில் நான் ஆசிரியை பக்கம். தே ரங்கிகாஹேகே என்ற மாவோரி அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆளுநர் ஜார்ஜ் கிரேவுக்காகத் தங்கள் மரபுக் கதைகளை நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிக் கொடுத்தார். கிரே அவற்றை எடுத்துப் புத்தகம் போட்டுப் பேர் வாங்கினார், எழுதியவருக்கு ஒரு நன்றி வரி கிடையாது. இப்படி அடிபட்ட சனம் 'எங்களைக் கேட்டுவிட்டு எழுது' என்று சொல்லத்தான் செய்யும். என்ன எழுதப்போகிறோம் என்று சொல்லிக் கேட்கட்டும், எழுதியதைக் காட்டட்டும். இது வேண்டாம் என்று எதையாவது சொன்னால் விட்டுவிடட்டும். ஆராய்ச்சி மாணவர்களே இதைக் கற்றுக்கொள்ளாமல் திரிகிறார்கள், இவளுக்கு எட்டாவதிலேயே கிடைக்கிறது.

அப்புறம் தமிழ். மாவோரிப் பிள்ளைகளில் அந்த மொழி பேசியவர்கள் 1913இல் 90 சதவீதம், 1975இல் 5 சதவீதம்கூட இல்லை. பள்ளியில் பேசினால் அடி, வீட்டிலும் 'இங்கிலீஷ் வந்தால் போதும்' என்று விட்டுவிட்டார்கள். 1982இல் வைனுயோமாட்டாவில் முதல் 'கோஹாங்கா ரேயோ' (மாவோரியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி) திறந்தபோது இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவில்லை. மொழி தெரிந்த பாட்டிகள் உட்கார்ந்து, சோறூட்டுவதிலிருந்து தூங்கவைப்பது வரை நாள் முழுக்க மாவோரியிலேயே பேசினார்கள். ஆட்சிமொழி அந்தஸ்து வந்ததே 1987இல்தான்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஆறு மாத விசாவில் வரும் பாட்டியை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, பேத்தியைத் தமிழ் வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறோம். அடுத்த முறை அம்மா வரும்போது சமையல்கட்டில் இருவரையும் சேர்த்து விடுங்கள், நீங்களும் இடையில் ஆங்கிலத்தில் புகாமல் இருங்கள். மாவோரி வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.