பைக் ஓட்டும்போது ஹெட்ஃபோன்ல பாட்டு கேக்குறது அவ்ளோ ஆபத்தா?

நீங்க கேட்டது, பைக் ஓட்டும்போது ஹெட்ஃபோன்ல பாட்டு கேட்டா தப்பா, ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டா பரவால்லையா, இல்ல பேசாம வெளி இரைச்சலை அடக்குற ஒரு நல்ல நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வாங்கிடலாமான்னு. நெடுந்தூரம் பைக்லயே போறவன்ங்கிற முறையில என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். வண்டி நெரிசல் இருக்குற ரோட்டுல பாட்டே வேண்டாம். காலியா கெடக்குற நீளமான ரோட்டுல, ஹெல்மெட்டுக்குள்ள பொருத்துற ஸ்பீக்கர்ல கொறைச்ச சத்தத்துல கேக்கலாம், நானும் கேக்குறேன். காதுக்குள்ள சொருகுற இயர்பட்ஸ்ல சத்தத்தை ஏத்தி வச்சிக்கிட்டு ஓட்டுறது மட்டும் எந்த ரோட்டுலயும் வேண்டாம்.

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம் பின்னாடி ஹார்ன் அடிச்சா கேக்காதுங்கிறது. சரிதான், ஆனா அது பாதிக் கதை. பாட்டே இல்லாம ஓட்டினாலும் ஹைவே வேகத்துல ஹார்ன் ஒழுங்கா கேக்காது, ஏன்னா உங்க காதை ஏற்கனவே காத்து நிரப்பி வச்சிருக்கு. இதைப் புரிஞ்சிக்காம ஹெட்ஃபோனைப் பத்திப் பேசி பிரயோஜனமே இல்லன்னு நான் நினைக்கிறேன், அதனால முதல்ல காத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மெதுவா போகும்போது நமக்குக் கேக்குறது இன்ஜின் சத்தம், சைலன்சர் சத்தம். வேகம் 60, 65 தாண்டினதும் காத்தோட இரைச்சல் அதை முழுங்கிடும், சைலன்சரை மாத்தி அலற விடுற வண்டியா இல்லாத வரைக்கும் எல்லா பைக்லயும் இதுதான் நடக்குது. ஹெல்மெட் மேல காத்து சுழன்று அடிக்கிறதும், தாடைக்குக் கீழ கழுத்துப் பக்கம் இருக்குற இடைவெளி வழியா உள்ள ஏறுறதும் சேர்ந்து வர்ற சத்தம் அது. அதனாலதான் எவ்ளோ விலை குடுத்து ஹெல்மெட் வாங்கினாலும் உள்ள முழு அமைதி கிடைக்காது, ஓரளவு கொறையும் அவ்ளோதான். வண்டிக்கு முன்னாடி விண்ட்ஷீல்டு வச்சா சரியாயிடும்னு நினைக்கிறவங்க நிறைய பேர், ஆனா உயரமான ஆளுக்கு அந்தக் கண்ணாடியோட மேல் விளிம்புல கலங்குற காத்து நேரா ஹெல்மெட்லதான் வந்து அடிக்கும், கண்ணாடி இல்லாத வண்டியை விட அதுல சத்தம் ஜாஸ்தியா இருக்குறதும் உண்டு.

மணிக்கு 100 கிலோமீட்டர்ல ஹெல்மெட்டுக்குள்ள 95லேர்ந்து 100 டெசிபல் வரைக்கும் சுலபமா வந்துடும். அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்புக்கு ஆராய்ச்சி பண்ற நியோஷ்னு ஒரு அரசு நிறுவனம் இருக்கு, அவங்க கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாயிடும். அப்போ 94க்கு ஒரு மணி நேரம், 97க்கு அரை மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிஷம். பாட்டே கேக்காத ஆளுக்கே இந்த நிலைமை! நாள் முழுக்க ஓட்டிட்டு வண்டியை நிறுத்தின பிறகு காதுல கொய்ங்னு ஒரு சத்தம், பக்கத்துல பேசுறவங்க குரல் பஞ்சு வச்ச மாதிரி அமுங்கிக் கேக்குறது, இதெல்லாம் பயணக் களைப்பு இல்ல, காது அடி வாங்கினதோட அறிகுறி. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடுது, அதனால யாரும் கண்டுக்குறதில்ல. ஆனா உள்காதுல சத்தத்தை உணர்ற நுண்ணிய முடி மாதிரி செல்கள் இருக்கே, அது செத்தா மறுபடி முளைக்காது.

இப்போ இது மேல பாட்டை வைங்க. காத்து 95ல இரைஞ்சிக்கிட்டு இருக்கும்போது பாட்டு தெளிவா கேக்கணும்னா அதை விட சத்தமா வச்சாத்தான் முடியும், அதனால வேகம் ஏற ஏற கை தானா வால்யூமை ஏத்தும், அப்புறம் வேகம் கொறைஞ்சாலும் வால்யூமைக் கொறைக்க யாருக்கும் ஞாபகம் வராது. அதே சத்தத்தோட ஊருக்குள்ள நுழைவாங்க. என்னோட முழு வாதமும் இங்கதான் இருக்கு. பாட்டு கேக்குறது பிரச்சனை இல்ல, காத்தோட போட்டி போட்டுப் பாட்டு கேக்குறதுதான் பிரச்சனை. இந்தப் போட்டியில காதும் போகும், ஹார்னும் கேக்காது, ரெண்டும் ஒண்ணா நடக்கும்.

அப்போ என்ன பண்றதுன்னா, முதல்ல காத்தைக் கொறைங்க. அதுக்கு இருக்குற ஒரே சுலபமான வழி இயர்ப்ளக். ஃபோம்ல வர்ற சாதாரண இயர்ப்ளக் போதும். இதைச் சொன்னவுடனே, ஹெட்ஃபோனே ஆபத்துன்னுட்டு காதை அடைக்கச் சொல்றியேன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். ஆனா இயர்ப்ளக் காத்தையும் ஹார்னையும் சேர்த்தே கொறைக்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், மொத்தச் சத்தமும் காது தாங்குற அளவுக்கு இறங்கிடுறதால காதால பிரிச்சுக் கேக்க முடியுது. கண்ணு கூசுற வெயில்ல கூலிங் கிளாஸ் போட்டா ரோடு இன்னும் தெளிவா தெரியுதே, அது மாதிரிதான். ஹைவேயில நான் இயர்ப்ளக் போட்டுக்கிட்டுப் போகும்போதுதான் பின்னாடி வர்ற லாரியோட டயர் சத்தம் கூட தனியா தெரியுது. வேறு சத்தத்தைப் போட்டு காத்தை மறைக்கிறதுக்கும், காத்தையே கொறைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், பாட்டு முன்னதைப் பண்ணுது, இயர்ப்ளக் பின்னதைப் பண்ணுது.

மாட்டுற விதம் ரொம்ப முக்கியம். விரல்ல நல்லா மெல்லிசா உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னாடி கொண்டு வந்து காது மடலை மேல் பக்கமா பின்னாடி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள விட்டு, அது விரியிற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் பிடிச்சிருங்க. அட்டையில 30 டெசிபல் கொறைக்கும்னு போட்டிருந்தாலும் காது வாசல்ல ஒட்டிக்கிட்டு நின்னா அதுல பாதி கூட கிடைக்காது.

நாய்ஸ் கேன்சலிங் கேட்டீங்க. அது நல்லா வேலை செய்றது ஒரே சீரா ஓடுற தாழ்ந்த சத்தத்துக்கு, விமானத்துக்குள்ள கேக்குற ரீங்காரம் மாதிரி, தோராயமா 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழ. பைக்ல வர்ற காத்து சீரா இருக்காது, பக்கத்துல ஒரு லாரி போனா, தலையைக் கொஞ்சம் திருப்பினா உடனே மாறும். இயர்பட்ஸ்ல இருக்குற மைக்ல காத்து பட்டா கும் கும்னு ஒரு சத்தம் வரும், அது வெறும் இரைச்சலை விட எரிச்சல். வெளிச் சத்தத்தை உள்ள விடுற மோடு இருக்குதேன்னு சிலர் சொல்றாங்க, அதுவும் அதே மைக்கைத்தான் நம்பி இருக்கு, வேகத்துல போகும்போது அந்த மைக்குக்குக் கேக்குறது காத்து மட்டும்தான். அதை விடப் பெரிய பிரச்சனை, இயர்பட்ஸ் மாட்டிக்கிட்டு டைட்டான ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போது பட்ஸ் திரும்பிக்கும், காது மடிஞ்சு மாட்டிக்கும், அரை மணி நேரத்துல காதுக்குள்ள ஒரு புள்ளியில வலி ஆரம்பிக்கும். வலிக்கிற காதோட ஓட்டுறவன் கவனம் முழுக்க காதுலதான் இருக்கும். தலை மேல மாட்டுற பெரிய ஹெட்ஃபோனை ஹெல்மெட்டுக்குள்ள நுழைக்கிற எண்ணமே வேண்டாம், விழுந்தா தலைக்கும் ஹெல்மெட்டுக்குள்ள இருக்குற தெர்மாகோலுக்கும் நடுவுல ஒரு கெட்டியான பிளாஸ்டிக் இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதை மாட்டுறதுக்காக ஹெல்மெட்டே போடாம போறவங்களையும் பாக்குறேன், அவங்க கிட்ட நான் பாட்டைப் பத்திப் பேச மாட்டேன், ஹெல்மெட்டைப் பத்தித்தான் பேசுவேன்.

ஒரு காதுல மட்டும் மாட்டுறது பாதுகாப்புன்னு பரவலா ஒரு நம்பிக்கை இருக்கு. எனக்கு அது சரின்னு படல. சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மூளை எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா, ரெண்டு காதுக்கும் அது வந்து சேர்ற நேர வித்தியாசத்தையும் சத்த அளவு வித்தியாசத்தையும் வச்சுத்தான். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட கிடையாது, அவ்ளோ நுணுக்கமான கணக்கு. ஒரு காதை அடைச்சு அதுல பாட்டும் ஓட விட்டா அந்தக் கணக்கு குழம்பிடும். ஆம்புலன்ஸ் வருதுன்னு தெரியும், எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு தெரியாது. திறந்து கெடக்குற இன்னொரு காது மேல காத்து முழு வேகத்துல அடிச்சிக்கிட்டே இருக்கும், அதுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல.

காதை அடைக்காம கன்னத்து எலும்பு வழியா கேக்குற ஹெட்ஃபோனும் இதே கதைதான். எலும்பு வழியா போனாலும் போய்ச் சேர்றது அதே உள்காதுக்குத்தான், அங்க காத்து இரைஞ்சா பாட்டு மறைஞ்சிடும். மெதுவா சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு அருமையான பொருள், ஹெல்மெட்டோட குஷன் அழுத்துற எங்களுக்கு ஒத்து வராது.

மிச்சம் இருக்குறது ஹெல்மெட் ஸ்பீக்கர். புளூடூத் இன்டர்காம்னு கார்டோ, சேனா மாதிரி கம்பெனிங்க விக்கிறாங்க, பாட்டோட சேர்த்து மேப் வழி சொல்றதும் கேக்கும். நிறைய ஹெல்மெட்ல இதுக்குன்னே காது பக்கம் ஒரு குழி விட்டிருப்பாங்க, குஷனுக்கு அடியில ஸ்பீக்கர் உக்காந்துடும். குழி இல்லன்னா தெர்மாகோலைச் சுரண்டி எடம் பண்ணாதீங்க தயவு செஞ்சு, உங்க மண்டையைக் காப்பாத்துறதே அந்தத் தெர்மாகோல்தான். ஸ்பீக்கர்ல சத்தமே பத்தலைன்னு திட்டுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஸ்பீக்கர் தப்பான எடத்துல இருக்கும். காது மடல்ல எங்கயோ இல்ல, காது ஓட்டைக்கு நேரா இருக்கணும், தொடாம ஆனா ரொம்பக் கிட்ட. கொஞ்சம் தள்ளிப் போனாலே சத்தம் பயங்கரமா விழுந்துடும், அந்தக் கோவத்துல ஃபுல் வால்யூம் வைப்பாங்க. ஒரு சாயங்காலம் உக்காந்து ஹெல்மெட்டை மாட்டி மாட்டிக் கழட்டி எடத்தைச் சரி பண்ணுங்க, அதுக்குச் செலவழிக்கிற நேரம் வீணே ஆகாது. இயர்ப்ளக் போட்டுக்கிட்டு இந்த ஸ்பீக்கர்ல கேக்கும்போது பாட்டு கொஞ்சம் மந்தமா, பாஸ் மட்டும் தூக்கலா இருக்கும், ஏன்னா இயர்ப்ளக் கீச்சுச் சத்தத்தைத்தான் அதிகமா கொறைக்கும். ஈக்வலைசர்ல பாஸைக் கொறைச்சு ட்ரெபிளை ஏத்தினா குரல் தெளிவாயிடும்.

கவனச் சிதறல் பத்தியும் சொல்லணும், காதைக் காப்பாத்திட்டா மட்டும் வேலை முடியல. காது நல்லா இருந்தாலும் மனசு வேற எங்கயாவது இருந்தா ஹார்ன் அடிச்சது பதியவே பதியாது. நான் பாத்த வரைக்கும் நல்லா பழகின பாட்டு பெருசா தொந்தரவு பண்றதில்ல, புதுசா கேக்குற பாட்டோட வரிகளுக்கு மனசு ஓடும், விவாதம், பேச்சு, கதை மாதிரி விஷயம் இன்னும் மோசம். வேகமான தாளம் ஓடினா ஆக்ஸிலரேட்டரும் கூடவே திரும்புறதை நான் ஸ்பீடோமீட்டர்லயே பாத்திருக்கேன், அதனால வளைவு அதிகமா இருக்குற ரோட்டுல நான் போடுறதே இல்ல. எல்லாத்தையும் விட மோசம் போன்ல பேசுறது. பாட்டு உங்க கிட்ட பதில் கேக்காது, போன்ல இருக்குறவர் கேப்பார், நீங்க ஒரு லாரியைத் தாண்டிக்கிட்டு இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியாது. பாட்டு மாத்துறதுக்குக் கையை ஹேண்டில்பார்லேர்ந்து எடுத்து போனைப் பாக்குறதும் அதே வகைதான், 80ல போகும்போது ரெண்டு செகண்டு கீழ பாத்தா கிட்டத்தட்ட 44 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின கணக்கு.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. வண்டியும் நம்ம கிட்ட சத்தத்துலதான் பேசுது. செயின் லூஸாகி கவசத்துல தட்டுறது, பிரேக் பேட் தேஞ்சு உரசுறது, வீல் பேரிங் முனகுறது, ஏதோ ஒரு போல்ட் கழண்டு ஆடுறது, இதெல்லாம் காதுக்குத்தான் முதல்ல தெரியும், அதுவும் மெதுவா போகும்போதுதான் தெரியும். அதனால கிளம்பின முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் பாட்டு இல்லாம வண்டியைக் கேளுங்க. சர்வீஸ் விட்டு எடுத்த அன்னைக்கு கண்டிப்பா கேளுங்க.

சட்டம் எடத்துக்கு எடம் மாறும். பிரான்ஸ்ல 2015 ஜூலை 1லேர்ந்து ஓட்டுறவங்க காதுல இயர்போன் வைக்கிறதே தப்பு, ஒரு காதுல இருந்தாலும் அபராதம், ஆனா ஹெல்மெட்டுக்குள்ள பதிச்ச ஸ்பீக்கருக்குத் தடை இல்ல. கலிஃபோர்னியாவுல ரெண்டு காதையும் மூடுற மாதிரி போடக் கூடாதுங்கிறாங்க. நீங்க ஓட்டுற எடத்துல என்ன விதின்னு பாத்துக்கோங்க, இயர்ப்ளக்குக்கும் சில எடத்துல தனி விதி இருக்கு.

வால்யூம் எவ்ளோ வைக்கலாம்னு கேட்டா எண்ணு சொல்ல முடியாது, ஒவ்வொரு ஹெல்மெட்டும் வேற. நான் பண்றது இதுதான். வண்டியை நிறுத்தி, இயர்ப்ளக், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கிட்டு, பக்கத்துல ஒருத்தர் சாதாரணக் குரல்ல பேசினா பாட்டு ஓடும்போதே காதுல விழுற அளவுக்கு வச்சுட்டு அதோட விட்டுடுவேன். ஓடும்போது ஏத்த மாட்டேன். வேகத்துல பாட்டு மறைஞ்சா மறைஞ்சிட்டுப் போகட்டும், வேகம் கொறையும்போது தானா திரும்பக் கேக்கும். வேகத்துக்கு ஏத்த மாதிரி தானா சத்தத்தைக் கூட்டுற வசதி உங்க இன்டர்காம்ல இருந்தா அதை முதல் வேலையா ஆஃப் பண்ணிடுங்க. ஊர் எல்லை வந்தா, மழை வந்தா, இருட்டினா ஒரு பட்டனைத் தட்டி நிறுத்திடுங்க, கையுறை போட்ட விரலால தேடாம அந்தப் பட்டனை அழுத்த வருதான்னு வீட்லயே பழகிட்டுக் கிளம்புங்க.