குவின்குவிரீமுக்கு ஐந்து அடுக்கு தேவையில்லை

வணக்கம். பழங்கால ரோமானியர்களின் துடுப்புப் போர்க்கப்பலான குவின்குவிரீமின் மாதிரியில் ஐந்து அடுக்குத் துடுப்பு வைத்தால் மேல் அடுக்கு தண்ணீருக்கு எட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அளவில் தவறில்லை, பெயர்தான் குழப்பிவிட்டது.

லத்தீனில் 'ரேமுஸ்' என்றால் துடுப்பு. 'ட்ரிரேமிஸ்' மூன்று துடுப்பு, 'குவின்குவெரேமிஸ்' ஐந்து துடுப்பு. முதலாவதைக் கிரேக்கர்கள் 'ட்ரியேரெஸ்' என்றார்கள். அதில் உண்மையாகவே மூன்று அடுக்குதான். ஏதென்ஸ் கப்பலில் மேலே 62 பேர், நடுவில் 54, கீழே 54, ஆளுக்கு ஒரு துடுப்பு. 1987இல் கிரேக்கத்தில் கட்டிய 'ஒலிம்பியாஸ்' இதே அமைப்பில் கடலில் ஓடிக் காட்டியது. அதன் படங்களை அவசியம் பாருங்கள், அவ்வளவு அழகு!

மூன்றுக்கு மேற்பட்ட எண்கள் அடுக்கைக் குறிப்பதில்லை. எகிப்தில் நான்காம் டாலமி மன்னர் 'நாற்பது' என்ற பெயரில் ஒரு கப்பல் கட்டினார். நாற்பது அடுக்கு எப்படி நிற்கும்? எண்ணிக்கை, ஒன்றின் மேல் ஒன்றாக உள்ள ஒரு துடுப்புத் தொகுதியை வலிக்கும் ஆட்களுடையது. குவின்குவிரீமுக்குப் பலரும் ஏற்கும் அமைப்பு மூன்று அடுக்கு: மேல் இரண்டு துடுப்புகளுக்கு இரண்டிரண்டு பேர், கீழே ஒருவர்.

அப்புறம், ரோமானியக் குவின்குவிரீமில் 300 பேர் துடுப்பு வலித்ததாகப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி பக்கத்துக்கு 150 பேர், அதாவது ஐந்து பேர் கொண்ட 30 தொகுதி; தொகுதிக்கு மூன்று துடுப்பு என்றால் பக்கத்துக்கு 90 துடுப்பு வரும். மாதிரிக் கப்பலின் உடலைச் சற்று அகலமாக்கினால் இந்த அமைப்பு சரியாக உட்காரும்.