பேனரின் ஆங்கிலத் தலைப்புக்கு இம்பாக்ட் ஃபான்ட் போட்டிருக்கிறேன், மீம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். மாற்ற வேண்டுமா? தமிழுக்கும் அதே மாதிரி என்ன போடலாம்?

கடைத் திறப்பு விழா பேனர்தானே? ஆங்கிலத் தலைப்பை மாற்ற வேண்டாம். மீம் மாதிரி இருக்கிறது என்று சொன்ன நண்பர்கள் யாரும் பேனர் அடித்துப் பிழைப்பவர்களாக இருக்க மாட்டார்கள்.

இம்பாக்ட் மீமுக்குப் பிறந்த எழுத்து இல்லை. ஜெஃப்ரி லீ வரைந்தது. 1965-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் உலோக அச்சாக வெளியிட்டது. 1996-ல் மைக்ரோசாப்ட் இணையத்துக்கென்று இலவசமாகக் கொடுத்த ஃபான்ட்களில் இதுவும் ஒன்று. அப்படித்தான் மீம் போடுகிறவர்கள் கையில் சிக்கியது. கோடுகள் தடிமன், உள்ளே இருக்கும் வெள்ளை வெறும் கீற்று, சின்ன எழுத்துகளும் பெரிய எழுத்துகளின் உயரத்தை நெருங்கி நிற்கும். குறுகிய இடத்தில் மூன்று நான்கு சொல்லைக் கத்திச் சொல்ல இது போதும். முகவரியையும் அதிலேயே போட்டிருந்தால் மட்டும் நானும் உங்கள் நண்பர்கள் பக்கம்.

தமிழ்தான் சிக்கல். இம்பாக்டில் தமிழ் எழுத்தே கிடையாது. ஒரு கல்யாண பேனரில் ஆங்கில வரியை அதில் போட்டேன். கீழே 'திருமண வரவேற்பு' என்பதும் அதே அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் அகலத்தை 55 சதவீதத்துக்கு அமுக்கினேன். அப்படி அமுக்கினால் நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும், படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். மெலிந்ததைச் சரிக்கட்ட எழுத்தைச் சுற்றி அவுட்லைன் ஏற்றினேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மண்டப வாசலில் கட்டியதும் பெண்ணின் தாய்மாமா கேட்டார்: "நடுவுல என்னப்பா தார் கொட்டியிருக்கு?" ண-வின் சுழிகள் மொத்தமாக அடைத்துக்கொண்டிருந்தன. ராத்திரியோடு ராத்திரியாக என் காசில் வேறு அடித்துக் கொடுத்தேன்.

அதனால் அமுக்காதீர்கள், ஒடுக்கமாகவே வரைந்த ஃபான்ட்டை எடுங்கள். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 'அனேக் தமிழ்' ஃபான்ட்டில் அகலத்தை இயல்பில் 75 சதவீதம் வரை குறைக்கலாம், காசும் இல்லை. இம்பாக்ட் அளவுக்கு ஒடுங்காது என்பது உண்மைதான். ண, ஞ எல்லாம் இயல்பிலேயே அகலமான எழுத்துகள், அவற்றுக்கு இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். டிசைன் படித்தவர்கள் இதற்கும் குறை சொல்வார்கள். சொல்லட்டும், நான் படித்தது டிடிபி கடை ஸ்டூலில். அனுப்பும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

அப்புறம், டிசைன் செய்கிறவருக்குத் தனியாகக் காசு கொடுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஃபிளெக்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, "டைப் அடிக்கிறதுக்கு எதுக்குங்க காசு" என்று கேட்பவர்கள்தான், "அப்படியே இன்னும் நாலு போட்டோ சேர்த்துடுங்க" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதுவும் மங்கலாக.