பெடலுக்குள் போகும் வயர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைச் சொந்தமாகச் செய்கிறேன். பிசிபியும் (பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் பலகை) பாகங்களும் கைக்கு வந்துவிட்டன. வயர் வாங்கப் போனால் 7/36 வேண்டுமா, 14/36 வேண்டுமா, ஒற்றைக் கம்பியா என்று கடையில் கேட்கிறார்கள். டெஃப்ளான் வயர் போட்டால் ஒலி தெளியும் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது? – கோவை வாசகர்

பதில்: 7/36 வாங்குங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு இழை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

36 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனுக்கான பிரிட்டிஷ் அளவுமுறை) அளவில், அதாவது 0.193 மி.மீ. தடிமனில், ஏழு இழைகள் என்பதுதான் 7/36. ஏழும் சேர்ந்தால் 0.2 சதுர மி.மீ. வெளிநாட்டு வரைபடங்களில் 24 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க அளவுமுறை) என்று போட்டிருப்பதும் இதே அளவுதான். 14/36 இதைப் போல இரு மடங்கு. முறுக்கி ஈயம் ஏற்றியதும் அதன் முனை 1 மி.மீ.யை நெருங்கிவிடும், பிசிபி துளையே பெரும்பாலும் 1 மி.மீ.தான். திணித்து நுழைக்கும்போது ஓர் இழை வெளியே பிரிந்து நின்று பக்கத்துப் புள்ளியைத் தொடும். அது போக, பெடலுக்கான 1590பி அலுமினியப் பெட்டி 112 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 31 மி.மீ. உயரம்தான். அதற்குள் இரண்டு ஜாக் (கேபிள் செருகும் துளை), மூன்று பாட் (கூட்டிக் குறைக்கத் திருகும் பாகம்), காலால் மிதிக்கும் ஃபுட்ஸ்விட்ச் எல்லாம் உட்கார வேண்டும். தடித்த வயர் போட்டால் மூடியைத் திருகும்போது வயர்க்கட்டு பிசிபியை அழுத்தும்.

ஒலியைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். 7/36 வயர் 10 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 0.009 ஓம். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப்பின் மின்தடையே பல ஆயிரம் ஓம். பெடலின் நுழைவாய் பெரும்பாலும் 5 லட்சம் ஓமுக்கு மேல். அதற்கு நடுவே 0.009 ஓம் எந்த மூலைக்கு? மின்சாரம் எடுத்துச் செல்லும் வயரிலும், ஓவர்டிரைவ் இழுக்கும் 10, 20 மில்லி ஆம்பியருக்கு அதில் இழப்பது ஒரு மில்லிவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. உங்கள் உயர் சுரங்களை மழுங்கடிப்பது பெட்டிக்கு வெளியே கிடக்கும் நீளமான கிட்டார் கேபிள்தான். உயர் சுரங்களைக் குடிப்பது அதன் மின்தேக்குதிறன்; மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபேரட் என்று வைத்தால் 5 மீட்டரில் 500 சேர்ந்துவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஒரு சாண் வயரில் சில பிகோஃபேரட்தான்.

டெஃப்ளானுக்கு வேறொரு பெருமை உண்டு: சூடு தாங்கும். சால்டரிங் அயர்ன் 340 டிகிரியில் சற்றே தாமதித்தாலும் பிவிசி மேலுறை 2, 3 மி.மீ. பின்வாங்கி, வெறும் கம்பி வெளியே தெரியும். டெஃப்ளான் அசையாது. ஆனால் வழுக்கும் உறை அது. வயர் உரிக்கும் சாதாரண ஸ்ட்ரிப்பர் பிடிக்காமல் நழுவும், பிளேடு வைத்தால் இழை வெட்டுப்படும். விலையும் கூடுதல். முதல் பெடலுக்கு அது தேவையில்லை. சிலிக்கோன் வயர் சூடும் தாங்கும், நூல் போல வளையவும் செய்யும். மேலுறை தடிமனாக இருப்பதால் சிறிய பெட்டிக்கு ஒத்துவராது.

ஒற்றைக் கம்பிக்கும் ஓர் இடம் உண்டு. வெரோபோர்டில் (செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை) குறுக்கே போடும் இணைப்பான ஜம்பருக்கு அதைவிட நல்லது கிடையாது, வளைத்தபடி நிற்கும். போர்டிலிருந்து ஜாக்குக்கும் ஸ்விட்சுக்கும் போகும் வயருக்கு மட்டும் வேண்டாம். ஏன் என்பதை அடுத்த கேள்வியே சொல்லிவிடும்.

கேள்வி: செய்து நாலு மாதமான பெடலில் ஃபுட்ஸ்விட்ச் பக்கம் வயர் அறுந்துபோகிறது. மறுபடி சால்டர் வைத்தால் சில வாரத்தில் இன்னொன்று அறுகிறது. வயர் மட்டமானதா? – திருச்சி வாசகர்

பதில்: அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேலுறை முடியும் இடத்திலேயே, கத்தரித்தது போலச் சமமாக அறுந்திருந்தால், தோல் உரிக்கும்போதே கம்பியில் கீறல் விழுந்திருக்கிறது. ஒற்றைக் கம்பியில் அந்த ஒரு கீறலே போதும், நாலு முறை வளைத்தால் முறிந்துவிடும். ஏழு இழையில் இரண்டு போனாலும் ஐந்து தாங்கும். அப்படியில்லாமல் மேலுறைக்கு உள்ளே ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி அறுந்திருந்தால், உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறி மேலே ஏறியிருக்கிறது. ஈயம் ஏறிய பகுதி குச்சி போல விறைத்துவிடும்; விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கிற இடத்தில்தான் ஒவ்வொரு அதிர்வும் வந்து விழும்.

ஆனால் ஒன்று மாற்றி ஒன்று அறுகிறது என்கிறீர்களே, அதனால் முதலில் ஸ்விட்சின் நட்டைச் சோதியுங்கள். காலால் மிதித்து மிதித்து நட்டு தளர்ந்தால் ஸ்விட்ச் முழுவதுமே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒன்பது காலிலும் கட்டிய வயர்கள் கயிறு திரிப்பது போல முறுக்கேறும். பல் வைத்த லாக் வாஷரை உள்பக்கம் போட்டு நட்டை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து வயர் வாங்கினாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

இனி கட்டும் முறை. போர்டுக்கு 3, 4 மி.மீ., ஸ்விட்ச் காலுக்கு 6 மி.மீ. தோலை உரியுங்கள். ஸ்ட்ரிப்பரில் 24 என்று போட்ட குழியில் வைத்து உரித்த பிறகு இழைகளை எண்ணுங்கள். ஆறுதான் இருக்கிறதென்றால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரிப்பதே நல்லது. இழைகள் ஏற்கெனவே சுற்றியிருக்கும் திசையிலேயே முறுக்கி, நுனிக்கு மட்டும் ஈயம் ஏற்றுங்கள். ஒரு நொடி போதும். ஸ்விட்ச் காலில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் அயர்ன் நிற்கக்கூடாது. உள்ளே பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்தால், ஒலி விட்டுவிட்டு வரும். அப்போதும் பழி வயர்மேல்தான் விழும். ஒவ்வொரு வயரிலும் ஒரு செ.மீ. கூடுதல் நீளம் விடுங்கள். விண்ணென்று இழுத்துக் கட்டியது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முதலில் அறுவது அதுதான்.

கேள்வி: வீட்டில் மிச்சமிருக்கும் லேன் கேபிளைப் பிரித்தால் எட்டு நிறத்தில் வயர் கிடைக்கிறதே, பயன்படுத்தலாமா? – மதுரை வாசகர்

பதில்: முதலில் ஒரு சோதனை. பிளேடின் கூரிய விளிம்பால் கம்பியை அழுத்திச் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறமாக இருந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். மலிவான லேன் கேபிள்களில் இது ஏராளம். இரண்டு முறை வளைத்தாலே ஒடியும், முலாம் போன இடத்தில் ஈயம் ஒட்டாமல் உருண்டோடும். அதைத் தூக்கிப் போடுங்கள். மேலே வெள்ளையாக, உள்ளே சிவப்பாக இருந்தால் நேர்மாறு: வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. காந்தத்தையும் ஒருமுறை காட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. மலிவான பிரெட்போர்டு ஜம்பர் வயர்கள் பல இப்படித்தான்.

முழுச் செம்பு என்றாலும் சுவருக்குள் போடும் லேன் கேபிள் ஒற்றைக் கம்பிதான். மேலுறை பாலித்தீன், சூடு பட்டதும் மெழுகு போல இளகும். ஜம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபஸ் பெடல் திறந்திருக்கும்போது சரியாகப் பாடுகிறது. மூடியைப் போட்டு ஃபஸ் பாட்டை முழுதாகத் திருப்பினால் ‘வீல்’ என்று கத்துகிறது. எல்லா வயரையும் ஷீல்டட் வயராக (மேலே உலோகப் பின்னல் சுற்றிய வயர்) மாற்ற வேண்டுமா? – சென்னை வாசகர்

பதில்: வேண்டாம். ஒரே ஒரு வயரை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நுழைவாயில் வரும் சிறு சிக்னலை உங்கள் சர்க்யூட் பல நூறு மடங்கு பெருக்குகிறது. மூடி அழுத்தும்போது வெளியேறும் வயர் உள்ளே வரும் வயர்மேல் படுத்துவிடுகிறது. பெருகியது மீண்டும் நுழைவாயில் கசிந்து சுற்றிச் சுற்றி வருகிறது. அதுதான் அந்தக் கத்தல்.

உறுதி செய்ய, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உலர்ந்த ஐஸ்கிரீம் குச்சியால் உள்வயரை வெளிவயர் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். கத்தல் எழுந்து, தள்ளத் தள்ள அதன் சுருதி மாறினால் குற்றவாளி அகப்பட்டான். இரண்டையும் பெட்டியின் எதிரெதிர்ச் சுவரோரமாக, அலுமினியத்தை ஒட்டிக் கொண்டுபோங்கள். இடமில்லை என்றால் உள்வயரை மட்டும் மெல்லிய ஷீல்டட் வயராக மாற்றுங்கள். பின்னலை ஜாக்கின் ஸ்லீவ் (கிரவுண்ட்) பக்கம் மட்டும் சால்டர் வையுங்கள். மறுமுனையில் பின்னலை ஒட்ட வெட்டி ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். பின்னலில் தப்பிய ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டால் பெடல் ஊமையாகிவிடும்.

குச்சிக்கு எந்த மாற்றமும் இல்லையென்றால் வயரை விட்டுவிட்டு மின்சார நுழைவில் 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எத்தனை மீட்டர், எந்தெந்த நிறம்? – தஞ்சை வாசகர்

பதில்: மூன்று பாட்டுக்கும் வயர் இழுக்கும் பெடலுக்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர். பாட்டுகள் பிசிபியிலேயே உட்காருபவை என்றால் ஒரு மீட்டருக்குள் முடியும். ஐந்து நிறத்தில் இரண்டிரண்டு மீட்டர் வாங்கினால் நாலு பெடலுக்கு வரும். சிவப்பு 9 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சை உள்வயர், மஞ்சள் வெளிவயர், வெள்ளை பாட்டுகளுக்கு.

டிசி ஜாக்கில் மட்டும் நிதானம் தேவை. பெடல்களுக்கான வழக்கமான 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனைதான் நெகட்டிவ். எனவே கறுப்பு வயர் நடு ஊசிக்கும், சிவப்பு வெளிவளையத்துக்கும் போகவேண்டும். பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக்கையே வாங்குங்கள். உலோக ஜாக்கானால் வெளிவளையத்தின் 9 வோல்ட் நேரே பெட்டியின் கிரவுண்டில் ஷார்ட்டாகும். ஐசியைச் சாக்கெட்டில் பொருத்தும் முன், அடாப்டரைச் செருகி மல்டிமீட்டரால் சாக்கெட்டின் மின்முனைகளில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.