சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான்

கேள்வி: நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் முடித்து, ஒரு வருடமாக நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். கம்போடியாவில் மூன்று மாதம் தங்கி, குழந்தைகளுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசை. ராமநாதபுரத்தில் ஒரு ஏஜெண்ட் விசா, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 85 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவே போதும் என்கிறார். அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார். நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: முதலில், அந்த ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கம்போடியாவின் டூரிஸ்ட் விசா 30 நாளுக்குத்தான். அதை ஒரே ஒரு முறை, இன்னொரு மாதத்துக்கு நீட்டிக்கலாம். மொத்தம் இரண்டு மாதம். நீங்கள் தங்கப்போவதோ மூன்று மாதம். கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10 டாலர் அபராதம். அதைக் கட்டப்போவது நீங்கள், ஏஜெண்ட் இல்லை. பாடம் நடத்தப் போகிறவர் 'இ' வகை விசாவில்தான், அதாவது வேலைக்காகத் தங்குகிறவர்கள் வாங்கும் விசாவில்தான் போக வேண்டும். வேலை அனுமதி பற்றி உங்களை அழைக்கும் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதற்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. விசிட் விசாவில் வளைகுடாவுக்குப் போய் வேலை பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் கீழக்கரையிலும் தொண்டியிலும் இருப்பார்கள். அவர்களைக் கேட்டாலே புரியும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கம்போடியாவில் நல்ல வேலை என்று நம்பிப் போய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்துவைக்கப்பட்ட சுமார் 250 இந்தியர்களை மீட்டதாக 2024 மார்ச்சில் மத்திய அரசே சொன்னது. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிகள்தான் அந்தக் கும்பலுக்குத் தேவை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். 'சேவை' என்று பெயர் வைத்துவிட்டால் இந்தக் கேள்வி எதையும் யாரும் கேட்பதில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய சட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பிள்ளைகளை இப்படி அனுப்பப் போகிறோம் என்று ஆத்திரமாக வருகிறது.

பள்ளியை நீங்களே தேடுங்கள். தலைமை ஆசிரியருடன் வீடியோவில் பேசுங்கள். எத்தனை குழந்தைகள், என்ன வயது, கூடவே உள்ளூர் ஆசிரியர் இருப்பாரா என்று கேளுங்கள். அனாதை இல்லமாக இருந்தால் வேண்டாம். அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் பலமுறை சொல்லியிருக்கிறது. வெளிநாட்டார் கொடுக்கும் பணத்துக்காகவே பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. நல்ல பள்ளி உங்களிடம் போலீஸ் நற்சான்று கேட்கும். கேட்காத பள்ளியை நான் நம்பமாட்டேன். அதற்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். உள்ளூர் ஸ்டேஷனில் விசாரணை முடிந்து காகிதம் நகர்வதற்குள் பொறுமை போய்விடும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

விசா தொல்லையே இல்லாத நாடு நேபாளம். இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம், பாஸ்போர்ட்கூடக் கட்டாயமில்லை. ஆனால் இதிலும் பலர் ஏமாறுகிறார்கள். விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழ், 65 வயதுக்கு மேல் என்றால்தான் ஆதார் செல்லும். உங்கள் வயதுக்குச் செல்லாது. வாக்காளர் அட்டையில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, இனிஷியல் விரித்து எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவருக்கு நேபாளத்தையே சொல்வேன். அனாதை இல்ல வியாபாரம் அங்கேயும் உண்டு, அது மட்டும் கவனம்.

அப்புறம் சான்றிதழ். ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கான 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம்; எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜ் நடத்தும் 'செல்டா' என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். செலவு அதிகம், மூன்று மாத சேவைக்கு அது தேவையில்லை. உங்களுக்குத் தேவை வேறு. இதுவரை தமிழில் விளக்கித்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கம்போடியாவில் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியான கெமர்தான் தெரியும். இப்போதே உங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சாயங்காலம் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் தமிழே பேசாமல் நடத்துங்கள். வலை, நண்டு, துடுப்பு என்று கையில் கிடைப்பதைக் காட்டி, செய்து காட்டி, திரும்பச் சொல்ல வையுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே வாயில் தமிழ் வந்துவிடும். அது வராமல் நடத்தப் பழகிய பிறகு பள்ளிக்கு எழுதுங்கள்.

அசல் சான்றிதழ்களையோ பாஸ்போர்ட்டையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள், துணைக்கு வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். தர மறுத்தால் ராமநாதபுரம் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.